சீனி பார்ப்பதும் சோறு அளப்பதும்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

"எனக்குச் சீனி கிடையாது" என்று அடித்துச் சொல்கிறவரிடம், கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேரிடம் பதில் இருக்காது. மற்றவர்கள் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, என்னத்துக்குப் பார்க்க?" என்பார்கள். சிக்கலே அங்கேதான். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு, வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கக்கூடியது. தாகம், அடிக்கடி சலம் போவது, காரணமில்லாத மெலிவு, கண் மங்கல், ஆறாத புண் என்று தெரியவரும்போது வருத்தம் வந்து வெகுநாளாகியிருக்கும். சிலருக்குக் கண்ணிலோ காலிலோ சேதம் தொடங்கியபிறகுதான் முதல் றிப்போட்டே கைக்கு வருகிறது.

இதுவரை சீனி பார்க்காதவருக்கும், அண்மையில் "கூட இருக்கு" என்று கேள்விப்பட்டுக் கிளினிக் கொப்பியோடு முழிக்கிறவருக்கும் இதை எழுதுகிறேன். சிறு பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் திடீரென்று வரும் முதலாம் வகை வேறு கதை. அதற்கு முதல் நாளிலிருந்தே இன்சுலின் வேண்டும். பிள்ளை மெலிந்துகொண்டே போய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இரவில் படுக்கையை நனைக்கிறது என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

யார் பார்க்க வேண்டும்

35 வயது கடந்த எல்லோரும். வேறு காரணம் தேவையில்லை.

35 ஆகாதவர்களிலும் சிலர் பார்க்கத்தான் வேண்டும். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சீனி இருந்தால். பிறசர் இருந்தால். பிள்ளை வயிற்றிலிருக்கும்போது சீனி கூடியிருந்தால், அல்லது 4 கிலோவுக்கு மேல் பிள்ளை பிறந்திருந்தால். கழுத்தின் பின்புறமும் கக்கமும் அழுக்குப் படிந்ததுபோல் கறுத்து, தேய்த்தும் போகவில்லை என்றால். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட இளம்பெண்களும் இதில் அடக்கம்.

பிறகு இடுப்பு. தையல்கார நாடா ஒன்றை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளவுங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். இதைத் தாண்டினால் ஆபத்துக் கூட. எங்கள் ஆண்கள் சாரத்தைத் தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டு, "பத்து வருடமாக என் காற்சட்டை அளவு மாறவில்லை" என்று சொல்லித் திரிகிறார்கள். காற்சட்டை அளவை நம்ப வேண்டாம், நாடாவை நம்புங்கள். தெற்காசிய உடம்புக்கு இன்னொரு குணமும் உண்டு: கை கால் மெலிந்திருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேரும். அதனால்தான் உடல் நிறைச் சுட்டி (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் இலக்கம்) 23ஐத் தாண்டும்போதே எங்களுக்குக் கவனம் வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு அந்த எல்லை 25.

எங்கே போவது

அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் நாடெங்கும் நடக்கின்றன. எச்.எல்.சி. என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். பிரதேச வைத்தியசாலைகள், ஆரம்பப் பராமரிப்புப் பிரிவுகள் போன்ற இடங்களில் இவை இருக்கும். நிறை, உயரம், பிறசர், சீனி எல்லாம் பார்த்து, அடுத்த சில வருடங்களில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் சாத்தியத்தையும் கணக்கிட்டுச் சொல்வார்கள். காசு கிடையாது. எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊர்க் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் இல்லை.

அங்கே வரிசையில் பார்த்தால் பெண்கள்தான் நிறைய. ஆண்கள் "வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார்கள். படுவான்கரையில் வயல் செய்கிறவர் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே ஒரு நாளை இப்போதே குறித்து வைக்கட்டும். கடலுக்குப் போகிறவர், தோணி இறக்க முடியாத காற்று நாளில் போகலாம். அரச நிலையத்துக்குப் போக முடியாவிட்டால், மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ரவுண்களில் தனியார் ஆய்வுகூடங்கள் காலையிலேயே திறந்திருக்கும். காசு கொடுத்துப் பார்த்தாலும் றிப்போட்டை அலுமாரியில் வைத்துவிடாமல் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

முதல் நாள் இரவும் அன்றைய காலையும்

வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணிநேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. இரவு 9 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டால் காலையில் போக வசதி. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். சீனி போடாத பிளேன்டீ பரவாயில்லைதானே என்று கேட்பார்கள். அதுவும் வேண்டாம். வெற்றிலை, சிகரெட் இரண்டும் இரத்தம் கொடுக்கும்வரை கிடக்கட்டும்.

இன்னொரு பழக்கம் உண்டு. சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைப் பாதியாக்கி, இனிப்பைத் தொடாமல் இருந்து, "நல்ல றிப்போட்" எடுப்பது. டொக்டரை ஏமாற்றலாம், சிறுநீரகத்தை ஏமாற்ற முடியாது. வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே சீனிக் குளிசை எடுக்கிறவர், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் அந்தக் குளிசையையும் காலைச் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்தபின் இரண்டையும் எடுக்க வேண்டும். குளிசையை வீட்டில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்கள் எல்லாக் கிளினிக்கிலும் உண்டு.

றிப்போட்டை வாசிப்பது

இலக்கங்கள் மில்லிகிராமில் இருக்கும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் சீனி என்று பொருள்.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீரிழிவுக்கு முந்திய நிலை. (உலக சுகாதார நிறுவனம் அந்த நடுநிலையை 110இலிருந்து கணக்கிடுகிறது. ஆகவே 104 வந்து, ஒரு டொக்டர் கவனம் என்றும் இன்னொருவர் பரவாயில்லை என்றும் சொன்னால் இருவரையும் பிழை சொல்ல முடியாது.) 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 2 மணிநேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில், 140க்குக் கீழே நல்லது, 200ஐ எட்டினால் நீரிழிவு.

எச்.பி.ஏ.1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 5.7 வீதத்துக்குக் கீழே நல்லது, 6.5இலிருந்து நீரிழிவு. இதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. மேலே சொன்ன மூன்று நாள் வித்தையும் இதனிடம் செல்லாது. ஆனால் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ளவர்களுக்கும் இந்த இலக்கம் பிழையாக வரலாம். அப்படி ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்ட மாட்டார்கள், இன்னொரு முறை பார்ப்பார்கள். காய்ச்சலோ வேறு கடும் நோயோ இருக்கும்போதும் சீனி ஏறும். எல்லாம் சரி என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எப்போது திரும்ப வரவேண்டும் என்று கேட்டு, அந்தத் திகதியைக் கலண்டரில் எழுதுங்கள்.

நடுவில் நிற்கிறவர்கள்

நீரிழிவுக்கு முந்திய நிலை என்று வந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையால் ஆகக்கூடிய பயன். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்று இலக்கு வைத்துப் பழகியவர்களில், நீரிழிவு வருவது சுமார் மூன்று வருட காலத்தில் 58 வீதம் குறைந்தது. மெட்போமின் குளிசை எடுத்தவர்களில் குறைந்தது 31 வீதம். அவர்கள் வெள்ளைக்காரர்கள், உடம்பு வேறு, சாப்பாடு வேறு என்று சொல்வீர்கள். சரி, 2006இல் சென்னை ஆய்வு வந்தது. எங்களைப்போல் சோறு சாப்பிடுகிறவர்கள், பெரிய உடம்பும் இல்லை. அங்கே உணவும் நடையும் சேர்ந்து 28.5 வீதம் குறைத்தன. 58 இல்லைத்தான். ஆனாலும் காசு செலவில்லாமல் கிடைக்கிற பலன் இது. 70 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தாலே அந்த 7 வீதம் வந்துவிடும்.

சோறு, புட்டு, தயிர்

எங்கள் பகுதியில் சீனி வருத்தம் என்றதும் முதலில் நிற்பது தேத்தண்ணிக்குச் சீனி போடுவது. அது நல்லதுதான். கணக்குப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டிச் சீனி 4 முதல் 5 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 40, 50 கிராம். சேர்க்கும் சீனியை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நாக்கு பழகிவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டி, சர்க்கரை, கித்துள் பாணி, தேன் என்று மாறுவதில் லாபமில்லை. இரத்தத்துக்குள் போனபின் எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் சீனியை நிறுத்திவிட்டு, சோற்றில் கைவைக்காமல் இருக்கிறவர்களுக்கு றிப்போட் இறங்காது. எங்கள் மாவட்டங்கள் இரண்டும் நெல்லு விளையும் மண். பெரும்போகம் நன்றாக விளைந்த வருடம் சோற்றுப் பானையும் பெரிதாகும். ஒரு அளவுக் கோப்பை சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கிறது, அது சமித்துக் குளுக்கோஸாகத்தான் முடியும். மதியம் மூன்று கோப்பைச் சோறு சாப்பிடுகிறவர், தேத்தண்ணியில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கை ஒரே நேரத்தில் உள்ளே விடுகிறார்.

சோற்றை விடச் சொல்லவில்லை. விடவும் முடியாது, சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். பீங்கானில் போடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் மரக்கறி: கத்தரிக்காய், வெண்டி, பயற்றங்காய், புடலங்காய், பீர்க்கு, பாகல், அதோடு கீரை. பீங்கானில் பாதி இதற்கு. முருங்கையிலைச் சுண்டலும் பொன்னாங்காணியும் வல்லாரைச் சம்பலும் வேலியோரத்திலேயே கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, கீரையை ஒரு சொட்டாகத் தொட்டுக்கொள்வது அநியாயம். அடுத்த கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை, கோழி. மிச்சக் கால்வாசிக்குச் சோறு. வழக்கமாக நாங்கள் சோற்றைக் குவித்துவிட்டுக் கறியை அதன்மேல் ஊற்றுவோம். அந்த வரிசையைத் திருப்பினாலே சோறு தானாகக் குறையும். மரக்கறியையும் மீனையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவதும் மெதுவாகும்.

உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை, பலாக்காய், ஈரப்பலா இவை மரக்கறிப் பாதியில் சேராது. அவை சோற்றின் பங்கு. உருளைக்கிழங்குக் கறியோடு சோறு என்பது சோற்றோடு சோறு.

சிவப்பரிசி நல்லதா? தவிடு நீக்காத சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிட நல்லவை. குரக்கனும் அப்படியே. ஆனால் "சிவப்பரிசிதானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயன் போய்விடும். அளவு முதலில், நிறம் பிறகு.

புட்டு எங்கள் ஊர்களின் பெருமை, அதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து கொஞ்சத்திலேயே நிறையச் சத்து உள்ளே போகும் உணவு அது. புட்டோடு மீன் குழம்பும் கீரையும் என்றால் அளவாகச் சாப்பிட்டுச் சமாளிக்கலாம். புட்டு, தயிர், வாழைப்பழம், மேலே சீனி என்றால் நான்கில் மூன்று நேராகச் சீனியை ஏற்றும். நான்காவதான எருமைத்தயிர் மட்டும் நிரபராதி. தயிரைப் பாணி இல்லாமல், உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். வாழைச்சேனைப் பக்கம் போய்ச் சட்டித் தயிர் வாங்கி வருகிறவர்களுக்கு இது பாவமாகத் தோன்றலாம், பழகினால் நன்றாகவே இருக்கும்.

பிஸ்கட் விஷயத்தில் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது: கிறீம் கிரக்கர் இனிப்பில்லை, ஆகவே சீனிக்காரருக்கு ஏற்றது. அது கோதுமை மாவும் கொழுப்பும். இரண்டு என்று எடுத்து எட்டில் முடிகிற பண்டம் வேறு. பசித்தால் அவித்த கடலை, கௌபி, பயறு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, கொய்யாக்காய். பழம் சாப்பிடலாம், சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். மாம்பழக் காலத்தில் ஒரு முழுப் பழத்துக்குப் பதில் சில துண்டு, அதுவும் சோற்றுக்குப் பின்னால் இல்லாமல் வேறு நேரத்தில். நோன்பு திறக்கும் பேரீச்சம்பழமும் இனிப்புத்தான், ஒன்றிரண்டோடு கை நிற்கட்டும். பாணும் பணிஸும் பெற்றிசும் கொத்துரொட்டியும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

கடைச் சோடா வாங்கினால் போத்தலில் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மஞ்சளைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 400 மில்லிலீற்றர் போத்தலில் 100க்கு 8 கிராம் என்றால், மொத்தம் 32 கிராம் சீனி. வெயிலுக்கு மோர், தண்ணீர், சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீர் போதும்.

இனி விருந்து. கலியாண வீடு, கோயில் அன்னதானம், 31ஆம் நாள் வீடு என்று மாதத்துக்கு எத்தனை வரும் என்று சொல்லவே முடியாது. "இன்னும் ஒரு அகப்பை போடுறன் மனே" என்று பெரியம்மா நிற்கும்போது, வேண்டாம் என்றால் கோபம். சீனி என்று சொன்னால் "ஒரு நாளைக்குத்தானே" என்று பதில் வரும். ஒரு வழி, முதலிலேயே கொஞ்சமாக வாங்கி, அந்த இரண்டாம் அகப்பைக்கு இடம் வைத்துக்கொள்வது. அன்பும் கெடாது, அளவும் கெடாது. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் சஹன் சாப்பாட்டில் இன்னும் கஷ்டம். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் இருந்து சாப்பிடும்போது தன் பங்கு எவ்வளவு என்றே கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்தவுடன் உங்கள் பக்கத்துச் சோற்றில் ஒரு பகுதியை மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டு, அதற்கப்பால் கை போகாமல் பாருங்கள். கறியிலும் சலாதுவிலும் கை எங்கேயும் போகலாம். வட்டிலப்பம் வந்தால் இரண்டு கரண்டி.

தேங்காய்ப்பாலை அடியோடு ஒதுக்கத் தேவையில்லை. பாலாணத்துக்குக் கட்டிப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கலாம். கருவாட்டையும் உப்பையும் குறைப்பது பிறசருக்காக. சீனியும் பிறசரும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

நடை

கிழமைக்கு 150 நிமிடம் என்றால், ஐந்து நாள், நாளைக்கு அரை மணிநேரம். பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற வேகம். கல்லடிக் கடற்கரை, கல்முனைக் கடற்கரை, உங்கள் ஊர்க் குளக்கட்டு, எதுவும் சரி. வெயில் ஏறுமுன் அல்லது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. வெளியே தனியாக நடக்கக் கூச்சப்படும் பெண்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து போகலாம், அல்லது வளவுக்குள்ளேயே நடக்கலாம். மதியச் சாப்பாடு முடிந்தவுடன் படுக்கிற பழக்கத்தை விட்டு, 10 நிமிடம் முற்றத்தில் நடந்தால், அந்தச் சாப்பாட்டால் ஏறும் சீனியே குறையும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பவர்களுக்கு: மூச்சு வாங்கினால் சேரும், வாங்காவிட்டால் சேராது.

குளிசையும் இன்சுலினும்

பெரும்பாலும் மெட்போமினில் தொடங்குவார்கள். சாப்பாட்டோடு எடுங்கள். ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டலோ வயிற்றோட்டமோ வந்தால் நிறுத்திவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவார். "குளிசை குடிச்சுக் கிட்னி பழுதாப்போகும்" என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிறசரும். இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்பதும் அதே மாதிரிக் கதை. வருடங்கள் போகப் போக உடம்பில் இன்சுலின் சுரப்பது குறைகிறது, குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

பாகற்காய், சிறுகுறிஞ்சா, வெந்தயம், கோவையிலை எல்லாம் உணவாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்துவதுதான் ஆபத்து. நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தால் கிளினிக்கில் மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.

சீனி 70க்குக் கீழே போவதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பசி, தலை கிறுகிறுப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்க் கோபம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களுக்கும்தான் இது அதிகம். சாப்பாட்டு நேரம் தப்பினாலோ, வழக்கத்தைவிடக் கடுமையாக வேலை செய்தாலோ, வெறும் வயிற்றில் மது எடுத்தாலோ வரும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். தெளிந்தபின் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இன்சுலினைத் திறக்காமல் வைக்கும்போது குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்துபோனால் பிறகு பயன்படுத்தவே கூடாது. திறந்த போத்தலைப் பொதுவாக நான்கு கிழமைக்குள் முடிக்க வேண்டும். பெட்டி இல்லாத வீட்டில் ஒரு மண்சட்டிக்குள் இன்னொன்றை வைத்து, நடுவில் மணல் போட்டு ஈரமாக வைத்திருந்தால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மாரியில் வெள்ளம் வரும் ஊர்க்காரர், கார்த்திகை பிறக்கும்போதே மருந்து, கிளினிக் கொப்பி, குளுக்கோமீற்றர் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பையில் கட்டித் தயாராக வையுங்கள்.

குளுக்கோமீற்றர் வைத்திருப்பவர்கள் விரலைக் குத்துமுன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் மெஷின் மாம்பழத்தின் சீனியையும் சேர்த்துச் சொல்லும். ஸ்ட்ரிப் விலை கூட என்பதால் தினமும் பார்க்க எல்லோராலும் முடியாது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி 2 மணிநேரம் கழித்தும் பார்த்தால், அந்தச் சாப்பாடு உங்களுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு நாள் புட்டை அப்படிச் சோதியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணிநேரத்தில் 180க்குள், எச்.பி.ஏ.1சி 7க்குள். வயது போனவர்களுக்கு இதைத் தளர்த்துவார்கள், அவர்களுக்குச் சீனி இறங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து.

காலும் வயலும்

சீனி நாள்பட்டால் பாதத்தின் உணர்வு மங்கும். முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் தெரியாது. இரவில் கால் கழுவும்போது அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள்.

இங்கே கொஞ்சம் சங்கடமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் போன்ற இடங்களில் தீமிதிக்கிறவர்களும் நேர்த்தியை விட மாட்டார்கள். விடுங்கள் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் போகுமுன் கிளினிக்கில் பாதத்தின் உணர்வைச் சோதித்துக் கேளுங்கள். உணர்வு போன காலுக்குச் சூடும் தெரியாது, கொப்புளமும் தெரியாது. அப்படிப்பட்டவர் நேர்த்தியை வேறு விதமாகச் செலுத்த முடியுமா என்று கோயிலில் பேசிப் பார்க்கலாம். காட்டுப்பாதையில் போகத்தான் வேண்டும் என்றால் நல்ல செருப்போடு நடந்து, சன்னிதியில் கழற்றட்டும்.

வயல்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று நோய், எங்கள் மாகாணத்திலும் காணப்படுகிறது. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. அது பிடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் சீனி உள்ளவர்கள். மாரி மழைக்காலத்தில் காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள், முடிந்தவரை பூட்ஸ் போடுங்கள். நாள்கணக்கில் காய்ச்சல் விடாவிட்டால், டொக்டரிடம் இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எனக்குச் சீனி இருக்கிறது, நான் வயலில் இறங்குகிறவன். இதற்குச் சாதாரணக் காய்ச்சல் மருந்து போதாது.

நோன்பும் விரதமும்

றமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டொக்டரைப் பாருங்கள். மெட்போமின் மட்டும் எடுக்கிறவர்களில் பலர் நேரத்தை மாற்றிக்கொண்டு பிடிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஸஹரைப் பிந்தி எடுங்கள், இஃப்தாரில் சர்பத்தைத் தண்ணீராக மாற்றுங்கள். விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அந்த நேரமே நோன்பை விட்டுவிட வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் இருக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். பால் பழம் மட்டும் என்று இருந்துகொண்டு வழக்கமான அளவில் குளிசை எடுத்தால் மத்தியானத்தில் விழ நேரும்.

வருடத்துக்கு ஒருமுறை

சீனி உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். அன்று சில மணிநேரம் பார்வை மங்கலாக இருக்கும், மோட்டார்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கொலஸ்ட்ரோல், பாதம், பல் இவையும் வருடத்துக்கு ஒருமுறை. எச்.பி.ஏ.1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிளினிக்கில் இவை எல்லாவற்றையும் அவர்களாக நினைவுபடுத்துவார்கள் என்று இருந்துவிடாதீர்கள், நெரிசலில் தவறிப்போகும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து நீங்களே கேளுங்கள்.

பிள்ளைப்பேற்றுக் காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மார் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும், அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறந்து 6 கிழமையளவில் ஒருமுறை குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே மாதுவிடம் கேட்டுவிடலாம்.

உங்களுக்குச் சீனி என்று உறுதியானால், அந்தக் கிழமையே கூடப்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தகவல் சொல்லுங்கள். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகனும் இதில் சேர்த்திதான். அவன் விடுமுறைக்கு வரும்போது, விருந்துகள் தொடங்குமுன் முதல் கிழமையிலேயே ஒரு காலையில் இரத்தம் கொடுக்கக் கூட்டிப்போங்கள்.